இருபதில் மீதி

மொன்டானாவில் நவம்பர் பிறந்தால்
கடைக் கண்ணாடியில் பனி அப்பிக்கொள்ளும்.
வருகிறவர் முகம் தெரியாது.
கையிலிருக்கும் உறையின் நீளம் தெரியும்.
வாங்க வருகிறவர் அப்படியே உள்ளே வருவார்.
விற்க வருகிறவர்
பூட்ஸை இரண்டு முறை தட்டிவிட்டு வருவார்.

நானூற்று ஐம்பத்தெட்டு காலிபர்.
வால்நட் கட்டை, கருநீலக் குழல்.
எருமைக்கும் யானைக்கும் என்று செய்தது.
எங்கள் மலையில் இருப்பதோ எல்க்கும் மானும்.
கொசு அடிக்கக் கோடரியா?
வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும்.

முதலில் வாங்கியவர் டுவெயின் ஹாக்ஸ்டாட்,
தானியக் கிடங்கில் எடை போடுகிறவர்.
மைனஸ் முப்பதில் ஒரு பிப்ரவரி மாலை
சட்டைப்பையிலிருந்து ஆப்பிரிக்காவை எடுத்து
கவுண்டர்மேல் விரித்தார்.
மடிப்பில் தான்சானியா கிழிந்திருந்தது.
கூடவே ஒரு பெட்டி தோட்டா. இருபது.

ஜூன் மாதம் திரும்பி வந்தார்.
தொலைநோக்கி பின்னால் பாய்ந்து இடித்ததில்
வலப் புருவத்தில் பிறை வடிவத் தையல்.
"வீட்டுக்குக் கூரை மாத்தணும்" என்றார்.
நான் புருவத்தைப் பார்க்காமல்
பெட்டியைத் திறந்து எண்ணினேன்.
பதினேழு.

அடுத்தவர் பல் மருத்துவர்.
பெயர் வேண்டாம், என் பற்கள் இன்னும் அவர் கையில்.
தோளில் ஆபரேஷன் என்று சொல்லி விற்றார்.
பெட்டியில் பதினாறு.
அந்த ஒன்றுக்குப் பிறகு
முயல் சுடும் சின்னத் துப்பாக்கியைத் தொட்டாலே
கண் தானாக மூடிக்கொள்கிறதாம்.
என் கடைவாயைச் சுரண்டிக்கொண்டே
அவர் மனைவி சொன்னாள்.
வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு விவாகரத்து,
ஒரு டிராக்டர் கியர்பாக்ஸ்.
காரணங்கள் எல்லாமே உண்மைதான்.
ஆனால் கியர்பாக்ஸுக்காக
மான் துப்பாக்கியை விற்றவரை
இதுவரை நான் பார்க்கவில்லை.
பதினான்கு.

உண்மையில் போய்வந்தது
வெர்னா ஸ்லாகல் ஒருத்திதான்.
கால்நடைத் தரகு, எட்டு வருடச் சேமிப்பு,
பன்னிரண்டு நாள் குளம்புத் தடம்.
திரும்பி வந்து கவுண்டரில் வைத்தபோதும்
பதினான்கு.
"தோதாக நிற்கவில்லையா?"
"நின்றது. நாற்பது தப்படியில்."
கையுறையை மாட்டிக்கொண்டாள்.
பெட்டியின் மூலையில் கொஞ்சம் செம்மண்.
ஊதாமல் மூடிவைத்தேன்.
வாங்கிய விலைக்கு இருநூறு டாலர் குறைத்தே கொடுத்தேன்,
எல்லோருக்கும்போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஊருக்கு வெளியே சரளைக் குழியில்
நானும் சுட்டேன்.
தோள் வலித்தது நினைவில்லை.
கண்ணாடி பனியில் கிடந்தது நினைவிருக்கிறது,
மலை அந்தச் சத்தத்தை
எனக்கே திருப்பிக் கொடுத்ததும்.
இரண்டாவது தோட்டாவை எடுத்து
உள்ளங்கையில் அது வெதுவெதுப்பாகும்வரை
பிடித்திருந்தேன்.
பிறகு பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.
பதின்மூன்று.

ஏன் வாங்குகிறார்கள் என்று
வரவு செலவு பார்க்கும் டார்லீன் கேட்பாள்.
எனக்குத் தெரியாது.
விலை கேட்பதற்கு முன்
எல்லோரும் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள்.
அந்தக் கோடியில்
பத்து சென்ட் நாணயம் அளவு வெளிச்சம் தெரியும்.
அவ்வளவுதான் தெரியும்.

நேற்று கதவு திறந்தது.
பூட்ஸைத் தட்டும் சத்தம் இல்லை.
ஹாக்ஸ்டாட். எழுபத்தொரு வயது.
புருவம் நரைத்ததில் தழும்பு பாதி மறைந்திருந்தது.
கூரை எப்படி என்றேன். ஒழுகவில்லை என்றார்.
துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோய்
தோளில் படாமல் நிறுத்தினார்.
"தோட்டா எத்தனை இருக்கு?"
"பதின்மூன்று."
"நான் விட்டப்போ பதினேழு"
என்றார், சம்பளத்தில் பிடித்தம் கண்டவர்போல.

பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
விலைச்சீட்டின் நூலை வெட்டக்
கத்தரியை எடுத்தேன்.
எடுத்து, வைத்துவிட்டு,
முடிச்சை அவிழ்த்தேன்.
நூல் முழுசாக இருந்தது.
இழுப்பறையில் போட்டுக்கொண்டேன்.